குன்றுதோறாடும் ஊரிலிருந்து பனிமலைக்கு

அறுபடை வீடுகளில் திருத்தணிக்கு வழங்கும் பெயர் குன்றுதோறாடல். குன்று ஒவ்வொன்றிலும் முருகன் விளையாடுகிறான் என்று பொருள். திருமுருகாற்றுப்படை அந்தப் பெயரை ஒரே ஊருக்கு மட்டும் கொடுக்கவில்லை, குன்றுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகவே சொல்கிறது. பிற்கால வழக்கில்தான் அது திருத்தணிக்கு வந்து சேர்ந்தது. எப்படியோ, மலையில் விளையாடுவது என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதே இல்லை!

ஆனால் இன்றைக்குத் திருத்தணியில் ஒரு கல்லூரி மாணவனிடம் "மலையில் என்ன விளையாடலாம்?" என்று கேட்டால், "மணாலி போகணும்" என்றுதான் பதில் வரும். அதில் தவறு ஒன்றும் இல்லை. தமிழர்களுக்குப் பனிமலை ஆசையை ஊட்டியது சினிமா. 1992-ல் வந்த ரோஜா படத்தின் கதை காஷ்மீரில் நடக்கிறது. அன்றைக்குக் காஷ்மீர் இருந்த நிலையில் அங்கே படம் பிடிக்க முடியாமல் மணாலி, ஊட்டி, குன்னூர் என்று போய் எடுத்தார்கள். அந்த வெள்ளைப் பனியைத் திரையில் பார்த்த தலைமுறை தேனிலவுக்கு மணாலி போனது. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது நண்பர்களோடு சாகச விளையாட்டுக்குப் போகிறார்கள்.

போகட்டும். ஆனால் எதற்காகப் போகிறார்கள், கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது, உயிருக்கு யார் பொறுப்பு? பனிமலைக்கு டிக்கெட் எடுக்கும் முன் இந்த மூன்றையும் யோசிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பனிமலையில் என்னதான் இருக்கிறது?

முதலில் உயரத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மணாலிக்கு மேலே, விளையாட்டெல்லாம் நடக்கும் சோலாங் பள்ளத்தாக்கு ஏறக்குறைய அதே உயரம். அதாவது நம் மாநிலத்தின் உச்சி எங்கே முடிகிறதோ, அங்கேதான் அவர்களுடைய விளையாட்டு மைதானம் தொடங்குகிறது! ரோத்தங் கணவாய் 3,978 மீட்டர். காஷ்மீர் குல்மார்கில் ரோப் காரின் இரண்டாம் கட்டமும் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறது.

2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். உடம்பு பழகுவதற்கு நேரம் வேண்டும். திருத்தணி வெயிலில் இருந்து கிளம்பி மூன்றாம் நாள் ரோத்தங்கில் நின்று செல்பி எடுக்கும் அவசரப் பயணத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை. உடற்பயிற்சி செய்பவனுக்கு மலைநோய் வராது என்பதும் தவறான நம்பிக்கை. பலசாலிக்கும் வரும்.

சரி, விளையாட்டுகளுக்கு வருவோம்.

பனிச்சறுக்கு: சோலாங், குல்மார்க், உத்தராகண்டில் ஆவுலி ஆகியவை பெயர் பெற்ற இடங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். சறுக்குக் கட்டையை மாட்டியதும் வேகமாகப் போகக் கற்றுத் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பாடமே எப்படி விழுவது, எப்படி நிற்பது என்பதுதான். இரண்டு கட்டைகளின் முன்முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். இது கைவரவே ஓரிரு நாள் ஆகும்.

பாராகிளைடிங்: 1978-ல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மியூசி என்ற ஊரில், பாராசூட்டைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஓடிப் பறந்து பார்த்தார்கள் சிலர். அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்த விளையாட்டு. என்ஜின் கிடையாது. துணியால் ஆன இறக்கைக்குள் காற்று நிரம்பி அது விறைப்பாக நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் எல்லாமே காற்றின் கையில் இருக்கிறது. இமாசலத்தின் பீர்-பில்லிங்கில் 2015-ல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. பயணிகள் பறப்பது பைலட்டோடு சேர்ந்து, இரண்டு பேராக.

ரப்பர் படகுச் சவாரி: குலு அருகே பியாஸ் ஆற்றில் நடக்கிறது. மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, இமாசலத்தில் படகுச் சவாரிக்கும் பாராகிளைடிங்குக்கும் தடை உண்டு.

மலையேற்றமும் பாறையேற்றமும்: கயிறு, ஹார்னஸ் எனப்படும் இடுப்புப் பட்டை, ஹெல்மெட், நல்ல வழிகாட்டி. இவை இருந்தால் ஆண்டில் பல மாதங்கள் செய்யலாம்.

இவற்றைத் தவிர பனி ஸ்கூட்டர், நாலு சக்கர பைக், ஜிப் லைன் என்று ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது.

வாங்கும் சாகசம், கற்கும் சாகசம்

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு வகை இருப்பது புரியும். ஒன்று, காசு கொடுத்து உட்கார்ந்துகொள்வது. பைலட் பறக்கிறார், பயணி கத்துகிறார், கையில் செல்பி ஸ்டிக். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இறங்கியவருக்குப் பறப்பதைப் பற்றி ஏறும்போது தெரிந்ததற்கு மேல் எதுவும் தெரியாது. இன்னொரு வகையில் உடம்பும் மனதும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்புகின்றன.

பனிமலைக்குப் போகும் இளைஞர்கள் இரண்டாவது வகையைத் தேட வேண்டும். அதற்கு அரசு நிறுவனங்களே இருக்கின்றன, ஆனால் நம்மூர்க் கல்லூரிகளில் பலருக்குத் தெரிவதில்லை. டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1954-ல் தொடங்கப்பட்டது. டென்சிங் எவரெஸ்ட் ஏறிய மறு ஆண்டு! உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் 1965 முதல் இயங்குகிறது. மணாலியிலேயே அடல் பிகாரி வாஜ்பாய் பெயரில் ஒரு பயிற்சி நிறுவனம் உண்டு. குல்மார்கில் பனிச்சறுக்குக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. இங்கெல்லாம் அடிப்படை மலையேற்றப் பயிற்சி நான்கு வாரம் வரை போகும். பனிச்சறுக்குப் பயிற்சி ஒன்றிரண்டு வாரம். தங்குமிடம், சாப்பாடு, கருவிகள் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நாள் பேக்கேஜில் ஹோட்டல், கார், ஏஜென்ட் கமிஷன், ஒவ்வொரு சவாரிக்கும் தனி ரேட், வாடகை பனிக்கோட்டு, போட்டோ, வீடியோ என்று பணம் கரைகிறது. ஒரு நாளுக்கு எவ்வளவு, கற்றுக்கொண்டதற்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பயிற்சிதான் மலிவு. கையில் வருவது ஒரு சான்றிதழ், அடுத்த கட்டப் பயிற்சிக்குத் தகுதி, ஆயுளுக்கும் மறக்காத ஒரு திறமை. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். தமிழ்நாட்டிலிருந்து அதைச் செய்த முதல் பெண். விருதுநகர் வெயிலுக்கும் திருத்தணி வெயிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே!

பயிற்சி என்றால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் உத்தரகாசி நிறுவனத்தின் பயிற்சிக் குழுவைப் பனிச்சரிவு மூடியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவே இல்லை. மலை யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. பயிற்சி பெற்றவனுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியும், எப்போது திரும்ப வேண்டும் என்று தெரியும். பேக்கேஜில் போகிறவனுக்கு அது தெரிவதில்லை. வித்தியாசம் அங்கேதான்.

மலிவான கயிறின் விலை

வணிகவியலில் முதல் வருடமே தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். எந்த இயந்திரத்துக்கும் ஆயுள் உண்டு, அதை மாற்றுவதற்காக வருடா வருடம் ஒரு தொகையைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டும். சாகச விளையாட்டில் இந்தப் பாடம் உயிர்ப் பிரச்சினையாகிறது. கயிறு, ஹார்னஸ், பாராகிளைடரின் துணி எல்லாம் வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப் போகும். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் கயிறையும் ஹார்னஸையும் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். தினமும் பயன்படுத்தினால் அதைவிட மிகவும் முன்னதாகவே மாற்ற வேண்டும்.

இப்போது யோசியுங்கள். பக்கத்துக் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் குறைத்து ரேட் சொல்கிறார். காற்று இலவசம், மலை இலவசம். அவர் எதில் குறைத்திருப்பார்? பைலட்டின் சம்பளத்தில், காப்பீட்டில், கயிறில். வேறு வழி இல்லை. பேரம் பேசி ரேட்டைக் குறைப்பது காய்கறிக் கடையில் கெட்டிக்காரத்தனம். மலை உச்சியில் அது தன் கயிறைத் தானே அறுப்பதற்குச் சமம்.

சவாரிக்கு இவ்வளவு என்று சம்பாதிப்பவருக்குக் கூடுதல் சவாரி என்றால் கூடுதல் லாபம். சீசன் நேரத்தில் காற்று சரியில்லை என்று கடையை மூடினால் நஷ்டம் அவருக்கு. காற்று சரியில்லாமல் பறந்தால் நஷ்டம் யாருக்கு? 2019 நவம்பரில் சென்னையிலிருந்து போன பயணி ஒருவர் குலு அருகே பாராகிளைடிங் விபத்தில் இறந்தார். இமாசலத்தில் பாராகிளைடிங்குக்கு 2004-லும் படகுச் சவாரிக்கு 2005-லும் விதிகள் வகுத்திருக்கிறார்கள். பைலட்டுக்கு உரிமம் வேண்டும், கருவிகளைச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. விதியை அரசு எழுதலாம். அந்த விதிப்படி நடக்கிறதா என்று கிளம்பும் இடத்தில் நின்று கேட்க வேண்டியவர் பயணிதான்.

வீட்டில் இருக்கும் விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். பல பாலிசிகளில் சாகச விளையாட்டால் வரும் விபத்துக்குப் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு ஒரு முதுகெலும்பு முறிவு என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆல்ப்ஸ் எப்படிக் கற்றுக்கொண்டது?

இந்த விளையாட்டுகளில் பலவற்றின் தாய்வீடு ஐரோப்பாவின் ஆல்ப்ஸ். அங்கேயும் எல்லாம் ஒரே நாளில் ஒழுங்காகிவிடவில்லை. ஒவ்வொரு ஒழுங்கும் ஒரு சாவுக்குப் பிறகு வந்தது.

பிரான்சின் ஷமோனி ஊருக்கு மேலே நிற்கும் மோன் பிளாங் சிகரத்தில் 1820-ல் பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். மறு வருடமே, 1821-ல், அந்த ஊரார் வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அது இன்றும் இயங்குகிறது. 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததும் அதே ஷமோனியில்தான். உள்ளூர் வழிகாட்டியை மதித்த ஊர் உலகப் புகழ் பெற்றது.

சுவிட்சர்லாந்தில் 1999 ஜூலை 27 அன்று இன்டர்லாக்கன் அருகே ஒரு ஓடைப் பள்ளத்தில் நீரோட்டத்தோடு இறங்கும் விளையாட்டில் ஒரு பெரிய குழு இருந்தது. மேலே மலையில் இடியுடன் மழை. திடீரென்று வந்த வெள்ளத்தில் 18 சுற்றுலாப் பயணிகள், 3 வழிகாட்டிகள் என 21 பேர் மாண்டார்கள். 2001-ல் நிறுவனத்தைச் சேர்ந்த 6 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு மலை வழிகாட்டிகளுக்கும் ஆபத்தான விளையாட்டுகளை நடத்துவோருக்கும் தனிச் சட்டம் இயற்றி, 2014 முதல் அமல்படுத்தினார்கள். அனுமதி வேண்டும், தகுதி வேண்டும், காப்பீடு வேண்டும். விளையாட்டை அவர்கள் ஒழித்துவிடவில்லை, நடத்துபவரைப் பொறுப்பாக்கினார்கள்.

நம் பக்கமும் இதே போன்ற வலிகள் உண்டு. 2014 ஜூன் 8 அன்று இமாசலத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கி நின்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துச் சென்றது. கல்லூரிச் சுற்றுலா! அங்கேயும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத மேல்பக்கத்திலிருந்துதான் வந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிவிட்டு இறங்கிய குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு மாநில அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை முறையாகத் திறந்தது. முன்பதிவு உண்டு, உள்ளூர் மக்களே வழிகாட்டிகள். தாமதம்தான், ஆனால் சரியான திசை. பூட்டு மட்டும் போட்டு வைத்திருந்தால் பையன்கள் வேலி தாண்டித்தான் போவார்கள், வழிகாட்டி இல்லாமல்.

முதலில் சொந்தக் குன்று

ஆகவே பனிமலை ஆசை இருப்பவர்கள் முதல் பாடத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்கலாம்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வயதானவர்கள்கூட காவடி சுமந்து ஏறுகிறார்கள். தோளில் சுமையோடு, சீரான மூச்சோடு, அவசரப்படாமல் ஏறுவது எப்படி என்பதை அவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். இமயமலை வழிகாட்டிகளும் அதையேதான் சொல்வார்கள்: மெதுவாக, நிற்காமல். பைக்கில் மலைப்பாதை வழியாக மேலே போகும் பையன்கள் வாரத்தில் மூன்று நாள், முதுகில் ஐந்து கிலோ பையோடு படியேறினால், மூன்று மாதத்தில் கால் சொல்லும்.

அடுத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குடியம் குகைகள். அரசின் 40 பாதைகளில் அதுவும் ஒன்று. ஆதிமனிதன் கல்லாயுதம் செய்த இடம். பிறகு ஜோலார்பேட்டை பக்கம் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் அங்கிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடை. இவற்றில் கால் பழகிய பிறகு நீலகிரி, கொடைக்கானல். அதற்குப் பிறகு இமயமலை. இந்த வரிசையில் போகிறவனுக்கு சோலாங்கில் நிற்கும்போது தன் உடம்பைப் பற்றித் தெரிந்திருக்கும். எல்லையைத் தாண்டி ஆந்திரப் பக்கம் நாகலாபுரம், தடா அருவிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் கூட்டத்துக்கும் இது பொருந்தும். ஆழம் தெரியாத குட்டையில் குதிப்பதைச் சாகசம் என்று சொல்ல முடியாது.

ரோப் காரும் நமக்குப் புதிதில்லை. பழனியில் 2004 முதல் ஓடுகிறது. திருத்தணிக்குப் பக்கத்திலேயே, 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கு 2024-ல் வந்துவிட்டது. பனிமலை விடுதிகளின் பிழைப்பே ரோப் காரில்தான் இருக்கிறது, மேலே ஏற்றிவிட்டால்தானே கீழே சறுக்க முடியும்! நம்மிடம் குன்று இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, பக்தர் கூட்டம் இருக்கிறது. சோளிங்கர், வள்ளிமலை, திருத்தணி வட்டாரத்தில் பாறையேற்றமும் மலைநடையும் சொல்லித் தர உள்ளூர் இளைஞர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்தால் என்ன? கோயிலின் புனிதம் கெடாத தனி இடத்தில், வனத்துறையின் கண்காணிப்பில். மணாலிக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி இந்த வட்டாரத்திலேயே நிற்கும்.

அப்படிச் செய்யும்போது பனிமலை ஊர்கள் செய்த தவறைச் செய்யக் கூடாது. ஆவுலிக்குப் போகும் வழியில் உள்ள ஜோஷிமத்தில் 2023 ஜனவரியில் நிலம் இறங்கி வீடுகளில் விரிசல் விட்டது. குல்மார்கில் பனி போதாததால் 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய குளிர்கால விளையாட்டுப் போட்டியைத் தள்ளிவைத்தார்கள். மலை தாங்கும் அளவுக்குத்தான் விளையாட்டு. கட்டடம் மேல் கட்டடமாக எழுப்பிவிட்டு, பனி வரவில்லையே என்று வானத்தைப் பார்த்துப் பயனில்லை.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

1. நடத்துபவருக்கு மாநிலச் சுற்றுலாத் துறையின் பதிவு இருக்கிறதா? பைலட்டின் உரிமத்தைக் காட்டுவாரா?

2. கயிறும் ஹார்னஸும் எந்த வருடத்தில் வாங்கியவை? பாராகிளைடரில் அவசரகாலப் பாராசூட் இருக்கிறதா?

3. விபத்து நடந்தால் எந்தக் காப்பீடு, எவ்வளவு தொகை? பக்கத்து மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர்?

4. காற்று, மழை சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? (இதற்கு "ஆமாம்" என்று சொல்பவர் ஆபத்தில் பறக்க வேண்டிய கட்டாயத்தில் இல்லை.)

5. எல்லாவற்றுக்கும் மேலாக, "வேண்டாம்" என்று சொல்லித் திரும்பி வரும் தைரியம் கூட வரும் நண்பர்களுக்கு இருக்கிறதா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் ஏஜென்ட் முகம் சுளிக்கலாம். நண்பர்கள் "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஷமோனி ஊரார் இருநூறு வருடங்களாக இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை யாரும் கோழைகள் என்று சொல்வதில்லை.

பனிமலைக்குப் போக வேண்டும், கட்டாயம் போக வேண்டும். இருபது வயதில் போகாமல் அறுபதிலா போவது? ஆனால் ஐந்து நாளில் எட்டு சவாரி என்று கணக்குக் காட்டத் திரும்பி வருவதைவிட, இரண்டு வாரம் தங்கி, விழுந்து எழுந்து, ஒரே ஒரு சரிவில் சொந்தக் காலில் சறுக்கக் கற்றுக்கொண்டு வருவது மேல். அதற்கான ஒத்திகைக்கு 365 படிகள் ஊருக்குள்ளேயே காத்திருக்கின்றன, கட்டணம் இல்லாமல்.